கட்டைப் பிரித்ததும் எங்கே பார்ப்பேன்

“அழுகின பாகத்தைத்தான் வெட்டி எடுத்துட்டாங்களே சிஸ்டர், அப்புறம் சீழ் எங்கேருந்து வருது?”

ரத்தக்குழாய் அடைப்பு நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் வேலை பார்க்கிற எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பவர் பெரும்பாலும் மகளோ மகனோ மனைவியோ. கால் விரல் நுனியில் ஆரம்பித்த புண்ணை மாசக்கணக்கில் பார்த்துச் சலித்து, கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு காலை எடுக்கச் சம்மதித்தவர்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று நம்பியிருப்பார்கள். அடுத்த வாரம் தையல் ஓரம் ஈரமாகி, கட்டின் மேல் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தால் ஏமாந்துபோன மாதிரிதான் இருக்கும். கோபம் யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கட்டு பிரிப்பவள் மேல் வரும். வரட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் டாக்டர் இல்லை, டிரெஸ்ஸிங் செய்கிற நர்ஸ். கண்ணால் பார்த்தது, ரவுண்ட்ஸில் காதில் வாங்கியது, பிறகு நானாகத் தேடிப் படித்தது, மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு இந்த ஆபரேஷன் நடக்கப்போகிறது என்றாலோ, முடிந்து கட்டோடு படுத்திருக்கிறார் என்றாலோ, டாக்டர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போவதைப் பிடித்துக்கொள்ள இது கொஞ்சம் உதவும்.

முதலில் அந்தக் கேள்விக்கே வருகிறேன். விபத்தில் கால் நசுங்கிப் போனவருக்கும் சர்க்கரையாலும் புகையாலும் ரத்தக்குழாய் அடைத்துக் கால் போனவருக்கும் தையல் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் முன்னவருக்கு வெட்டிய இடத்துக்கு மேலே இருக்கும் குழாயெல்லாம் நல்ல குழாய். பின்னவருக்கு அப்படியில்லை. கறுத்துப்போன பாதம் அந்த நோயின் கடைசிப் பக்கம் மட்டும். அடைப்பு தொடையிலும் இருக்கும், வயிற்றுக்குள் பிரியும் பெரிய குழாயிலும் இருக்கும், இதயத்திலும் இருக்கும். பாதத்தை எடுத்துவிட்டால் இப்போது தையல் போட்ட இடம்தான் புதுக் கடைமடை. அங்கே தண்ணீர் போய்ச் சேருமா என்பதுதான் எல்லாமே.

ரத்தம் போகாத இடத்தில் ஒரே நேரத்தில் மூன்று விஷயம் கெடும். தோல் ஒட்டுவதற்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைக்காது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் வந்து சேராது. கையில் ஊசி வழியாக ஏற்றுகிற ஆன்டிபயாட்டிக்கும் அங்கே போகாது, அதுவும் ரத்தத்தில்தானே போக வேண்டும்? “இவ்வளவு விலை உயர்ந்த மருந்து போடுறீங்களே, ஏன் கேக்கலை” என்பதற்கு இதுதான் பதில். மருந்து நல்ல மருந்துதான், அங்கே போகப் பாதைதான் இல்லை.

1860களில் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற சர்ஜன், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன் அவரிடம் கை கால் எடுக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். தொடங்கிய பிறகு 40 பேரில் 6 பேர். கிருமியை வெளியே நிறுத்தினாலே எவ்வளவு வித்தியாசம் என்று நர்சிங் படிக்கும்போது இதைப் படித்து வாயைப் பிளந்தேன். எங்கள் வார்டுக்கு வந்த பிறகுதான் அது பாதிக் கதை என்று தெரிந்தது. எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், ரத்தக்குழாய் நோயாளிகளின் கால் அறுவையில் புண் தொற்று நூற்றுக்குப் பத்திலிருந்து முப்பது என்ற அளவிலேயே பல நாட்டு ஆய்வுகளிலும் வந்துகொண்டிருக்கிறது. திட்டமிட்டுச் செய்யும் மற்ற சுத்தமான ஆபரேஷன்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம்.

இதனால்தான் எந்த இடத்தில் வெட்டுவது என்று டாக்டர்கள் அவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தால் ரத்தம் அதிகம், புண் சீக்கிரம் ஆறும். கீழே எடுத்தால் முழங்கால் மிஞ்சும், ஆனால் ஆறாமல் போகிற ஆபத்தும் கூடும். ஆறாத பயம் இருந்தால் பேசாமல் மேலேயே எடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். ரத்தக்குழாய் நோயாளி ஒருவர் முழங்காலுக்குக் கீழே எடுத்துச் செயற்கைக் கால் போட்டு நடந்தால், சாதாரண நடையைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகும். முழங்காலுக்கு மேலே என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதயமும் பலவீனமாக இருக்கிற அறுபத்தைந்து வயதுக்காரரால் அந்த இரண்டு மடங்கைத் தர முடியாது. அவர் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒரு முழங்காலுக்காகச் சர்ஜன் துணிந்து இறங்குவது வீம்புக்காக இல்லை.

தோலின் மேல் ஒரு சின்ன உணரியை ஒட்டி அங்கே ஆக்சிஜன் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் சோதனை உண்டு. 40 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்தால் தைரியம், 20க்குக் கீழே என்றால் ஆறுவது சந்தேகம், நடுவில் இருந்தால் தலைவலி. எல்லா இடத்திலும் அந்தக் கருவி இருக்காது. அப்போது கடைசித் தீர்ப்பு ஆபரேஷன் தியேட்டரில்தான்: வெட்டின தோல் ஓரத்தில் ரத்தம் கசிகிறதா, சதை சிவப்பாக இருக்கிறதா, கத்தி பட்டால் துடிக்கிறதா. கெண்டைக்கால் சதைக்குப் போகும் குழாய்கள் முழங்காலுக்குப் பின்னாலிருந்தே பிரிந்துவிடுவதால், கீழே அடைத்திருந்தாலும் அந்தச் சதைக்கு ஓரளவு ரத்தம் இருக்கும். அதனால் பின்பக்கத் தோலையும் சதையையும் நீளமாக விட்டு, அதை முன்னால் மடித்துக் கொண்டுவந்து தைப்பார்கள். தையல் ஏன் அடியில் இல்லாமல் முன்பக்கம் ஓடுகிறது என்று கேட்டவர்கள் உண்டு. காரணம் இதுதான்.

கிருமி எங்கிருந்து வருகிறது? பாதி நேரம் அவரிடமிருந்தேதான். அழுகின பாதத்திலிருந்து நிணநீர் வழியாக மேலே ஏறியிருக்கும். மாசக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம், ஏகப்பட்ட ஆன்டிபயாட்டிக் என்று போனவர்கள் தோலில், பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி குடியேறியிருக்கும். தொடையில் எடுத்தவர்களுக்கு இன்னொரு சங்கடம்: தையல் ஆசனவாய்க்குக் கிட்டே வந்துவிடுகிறது. குடலில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் வித்துக்கள் அந்தப் பகுதித் தோலில் எப்போதும் இருக்கும், ஸ்பிரிட்டால் துடைத்தால் சாகாது. ரத்தம் குறைந்த சதைக்குள் புகுந்தால், சதைக்குள் வாயு சேர்ந்து வேகமாக அழுகும் வாயு அழுகல் வரும். இப்போது அரிதுதான். ஆனாலும் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மலம் போனால் அந்தக் கட்டு நனைந்திருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லி நான் கத்துவது சும்மா இல்லை.

பாதம் ஈர அழுகலாகி, சீழ் மேலேறி, காய்ச்சலும் நடுக்கமுமாக வருபவரை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. முதலில் கணுக்கால் மட்டத்தில் வெட்டித் தைக்காமல் திறந்தே விடுவார்கள். சில நாள் மருந்து ஏற்றி, காய்ச்சல் தணிந்து, மேல் கால் வீக்கம் வற்றிய பிறகுதான் முழங்காலுக்குக் கீழே சரியான ஆபரேஷன். குடும்பத்தினருக்கு இது கொடுமையாகத் தெரியும். “இரண்டு தடவை வெட்டணுமா?” என்று அழுவார்கள். ஆனால் சீழ் ஓடுகிற காலில் நேரடியாகத் தைத்து மூடுவதைவிட இரண்டு கட்டமாகச் செய்தால் புண் தொற்று குறைவு என்று 1980களிலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

முன்பு காலில் பைபாஸ் செய்தவர்கள் விஷயத்தில் ஒரு சங்கதி. அடைப்பைத் தாண்டிப் போட்ட செயற்கைக் குழாய் பலனில்லாமல் அடைத்துப் போயிருக்கும், அதன் மிச்சம் தொடைக்குள் கிடக்கும். அந்தக் குழாயின் வெட்டிய முனை தையலுக்குப் பக்கத்தில் வந்தால், தொற்று அந்தப் பிளாஸ்டிக்கில் தொற்றிக்கொண்டு லேசில் போகாது. ஆபரேஷனுக்கு முன் எந்த ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்ற பழைய காகிதங்களை வீட்டில் தேடி எடுத்து வாருங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகவும்தான்.

ஆன்டிபயாட்டிக் வீண் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் குறைந்த கால்களை எடுத்தவர்களிடம் டென்மார்க்கில் நடந்து 1985இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு செஃபாக்ஸிட்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் மற்றவர்களுக்கு ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று டோஸும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களிடம் தொற்று பாதிக்கும் கீழே இறங்கியது. தோலை வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உடம்பில் ஏறியிருக்க வேண்டும் என்பது இப்போது பல இடங்களில் விதி. எத்தனை நாள் தொடர்வது என்பதில்தான் பேச்சு. மற்ற ஆபரேஷன்களில் ஒரு நாளோடு நிறுத்தச் சொல்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் ஐந்து நாள் கொடுத்தால் தொற்று தெளிவாகக் குறைகிறது என்று பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு சொன்னது. நான் டோஸைக் கொடுப்பவள், முடிவு செய்பவள் இல்லை. ஆனாலும் என் கண்ணுக்கு ஐந்து நாள் நியாயமாகத்தான் படுகிறது.

சரி, கட்டுப் பிரிக்கும் இடத்துக்கு வருவோம்.

பிரிப்பதற்கு முன்னாலேயே பாதி தெரிந்துவிடும். கட்டின் மேல் ஈரம் வட்டமாக ஊறியிருந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுத் தேதியும் நேரமும் எழுதி வைப்பேன். அடுத்த ஷிஃப்டில் கோட்டைத் தாண்டியிருந்தால் டாக்டருக்குப் போன். இளஞ்சிவப்பும் தண்ணீருமாக முதல் இரண்டு மூன்று நாள் கசிவது சாதாரணம். அடர் சிவப்பாகக் கட்டிக்கட்டியாக வந்தால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறது. தேங்கிய ரத்தம் கிருமிக்கு விருந்து. நாலைந்து நாள் வறண்டிருந்த கட்டு திடீரென்று நனைந்தால், அதுதான் எனக்குப் பயம். பச்சை கலந்து இனிப்பான ஒரு வாடை வந்தால் சூடோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம். மூக்கைப் பிடிக்கும் நாற்றம் என்றால் உள்ளே சதை செத்திருக்கிறது.

பிரித்ததும் நேரே தையலின் நடுவைப் பார்க்க மாட்டேன். இரண்டு மூலைகளையும், பிறகு முன்பக்கம் எலும்பு முட்டும் இடத்தையும் பார்ப்பேன். கால் முன்னெலும்பின் வெட்டிய முனையைச் சாய்வாக ராவி விட்டிருந்தாலும், அதற்கும் தோலுக்கும் நடுவே சதை மிக மெல்லிசு. கெடுதல் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். தோலின் ஓரம் மெல்லிய கருநீலக் கோடாக மாறியிருந்தால் அது ரத்தம் போதாமை. சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டு, அழுத்தினால் தையலின் இடைவெளியில் ஒரு முத்துப் போல் சீழ் எட்டிப் பார்த்தால் அது தொற்று. முதலில் ரத்தம் போதாமை, நாலு நாளில் தொற்று என்றும் வரும். செத்த தோல்தான் கிருமிக்குக் கதவு. சிவப்பைச் சுற்றியும் பேனாக் கோடு போடுவேன். புறங்கையை வைத்துத் தொடையில் இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுவேன். கறுத்த தோல்காரர்களுக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அவர்களுக்குச் சூடும் விறைப்பும் பளபளப்பும்தான் சாட்சி.

காய்ச்சல் இல்லையே என்று சமாதானம் ஆகாதீர்கள். நீண்டகாலச் சர்க்கரைக்காரர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், வயதானவர்கள், இவர்களுக்கு உள்ளே சீழ் கட்டியிருந்தாலும் தெர்மாமீட்டர் அசையாது. நேற்றுவரை 160, 170 என்று இருந்த சுகர் ஒரு காரணமும் இல்லாமல் 300க்குப் போவது பல தடவை முதல் அறிகுறி. சாப்பாட்டை ஒதுக்குவது, ராத்திரி உளறுவது இன்னொன்று. வலியும் பேசும். ஆபரேஷன் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இல்லாத பாதம் எரிகிறது, விரல் முறுக்குகிறது என்பது வேறு வலி, அது நரம்பு. குறைந்துகொண்டு வந்த வலி திரும்பி ஏறி, தையலிலேயே விண் விண் என்று தெறித்தால் கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்குத்தான் டிரெஸ்ஸிங் நாள் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

எங்கள் வார்டில் இருந்த ஒரு தையல்காரர் ஞாபகம் வருகிறார். பேச்சு முழுக்கத் தையல் பற்றித்தான். “சிஸ்டர், உங்க டாக்டர் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துத் தைச்சிருக்கார், எங்க கடையில இப்படித் தைச்சா துணி சுருங்கும்” என்பார். புண் அழகாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் விடியற்காலை, பாத்ரூம் போக எழுந்தவர், எடுத்த கால் இருக்கிறது என்ற நினைப்பிலேயே அதை ஊன்றிவிட்டார். மூளைக்கு அந்தப் பாதம் இன்னும் இருக்கிறதே, தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் நடக்கும். விழுந்த வேகத்தில் தையலின் நடு அப்படியே பிளந்தது. சுத்தமாக இருந்த புண் அந்த ஒரு நிமிஷத்தில் தரையைத் தொட்டது. அடுத்த வாரம் சீழ். “பிரிச்சுத் தைக்கிற வேலை புதுசா தைக்கிறதைவிடக் கஷ்டம், தெரியுமா ஐயாவுக்கு?” என்று டாக்டரிடமே சொன்னார், முகத்தில் சிரிப்பில்லாமல்.

ஆகவே கட்டில் பக்கத்திலேயே சிறுநீர்க் குடுவை, ராத்திரி முழுக்க ஒரு மங்கல் விளக்கு, எடுத்த கால் பக்கம் ஒரு நாற்காலியோ சுவரோ. சில இடங்களில் பிளாஸ்டர் மாதிரி கெட்டியான உறை போட்டு அனுப்புகிறார்கள், விழுந்தாலும் அடி தாங்கும், முழங்காலையும் நீட்டியே வைக்கும். அது இல்லாத இடத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கும் பாசம்தான் எதிரி. மடங்கியே இருந்தால் முழங்கால் அப்படியே இறுகிவிடும், மெத்தையில் அழுந்தும் முனையில் தோல் கெடும், செயற்கைக் கால் கனவு அங்கேயே முடியும். தலையணையை எடுத்துவிட்டால் முனகுவார். எடுத்துவிடுங்கள்.

சிகரெட் பற்றி ஒன்றே ஒன்று. 1991இல் வெளியான ஓர் ஆய்வில் சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கால் எடுத்த பின் தொற்றும் மறு வெட்டும் 2.5 மடங்கு. காலே போன பிறகு இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று மனைவியே ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாசத்தையும் தலையணையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொற்று வந்துவிட்டால்? மேல்தோலோடு நின்றால் இரண்டு மூன்று தையலைப் பிரித்து, சீழை வெளியேற்றி, தினம் கழுவிக் கட்டுவோம். என்ன கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் சோதனைக்கு, மேலாகப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் தோலில் குடியிருக்கும் கிருமியெல்லாம் வந்து குழப்பும். உள்ளிருந்து ஒரு துண்டுச் சதை எடுத்து அனுப்பினால்தான் சரியான பெயர் வரும். ஆழமாகப் போயிருந்தால் மறுபடி தியேட்டர். செத்த சதையை வெட்டி எடுத்துத் திறந்து விடுவார்கள். குழிக்குள் ஸ்பாஞ்ச் வைத்து மேலே ஒட்டி, 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சி இழுக்கும் வேக் கருவியைப் போடுவதும் உண்டு. அது ஈரத்தை இழுக்கும், குழியைச் சுருக்கும். செத்த சதையை எடுக்காமல் போட்டால் எதுவும் செய்யாது, ராத்திரி முழுக்க அலாரம் மட்டும் அடிக்கும். கம்பி வைத்துத் தொட்டால் எலும்பு தட்டுப்பட்டால் எலும்பிலும் தொற்று இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரிய இரண்டு வாரம்கூட ஆகும், ஆகவே முதல் படம் நன்றாக இருப்பதை வைத்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலாக, ரத்தம் வருகிறதா என்ற பழைய கேள்வி மறுபடி வரும். மேலே ஒரு அடைப்பைப் பலூன் வைத்துத் திறந்து புண் ஆறியவர்கள் இருக்கிறார்கள். வழியே இல்லை என்றால் முழங்காலுக்கு மேலே. கீழே எடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேர்வரை இப்படி மேலே போக வேண்டியிருக்கும். இதை முதல் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. சில டாக்டர்கள் பயமுறுத்தக் கூடாது என்று சொல்லாமல் விடுகிறார்கள். பிறகு சொல்லும்போது அது தோல்வியாக, யாரோ செய்த தப்பாகக் காதில் விழுகிறது. தையல்காரரின் மகளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் என்றதும் அழுதாள், ஆனால் யார் மேலும் சந்தேகப்படவில்லை. எத்தனை மணிக்கு, எத்தனை யூனிட் ரத்தம் வேண்டும் என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போன பிறகு வரும் தொற்றும் நிறைய. ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள் வருவதை அறுவைத் தொற்று என்றே கணக்கில் எடுப்பார்கள், பாதி நாள் நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் அதே ஜன்னல் பக்கம், அதே தூரத்தில் போனில் ஒரு படம் எடுங்கள். “நேத்தைவிடக் கொஞ்சம் சிவப்பா இருக்கு சிஸ்டர்” என்று போனில் சொல்வதை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, நாலு படத்தை வரிசையாகப் பார்த்தால் சொல்லிவிடுவேன். படம் எடுத்து முடித்ததும் அப்படியே குனிந்து மிச்சமிருக்கும் காலின் குதிகாலையும் பாருங்கள். படுக்கையில் உந்தி உந்தி நகர்வது முழுக்க அந்தக் குதிகாலால்தான், அடைப்பு அந்தக் காலிலும் இருக்கிறது. அங்கே சிவந்திருந்தால் அன்றைக்கே போன் பண்ணுங்கள்.